160 சதுர அடி அறைக்கு வந்த நோட்டீஸ்

"கரண்ட் கனெக்‌ஷனே எடுக்கலையேம்மா, அப்புறம் எதுக்கு பர்மிஷன்?"

மாமா என் அலுவலகத்துக்கு வந்ததும் கேட்ட முதல் கேள்வி இது. சட்டைப் பையில் மடித்து வைத்து மடிப்பில் கிழியத் தொடங்கியிருந்த ஒரு தாளை மேஜைமேல் விரித்தார். கன்னடத்தில் ஒரு பக்க நோட்டீஸ். உங்கள் நிலத்தில் அனுமதி இல்லாமல் கட்டடம் எழுப்பியிருக்கிறீர்கள், ஏழு நாளுக்குள் எழுத்தில் விளக்கம் தர வேண்டும் என்று இருந்தது.

மாமா என் அப்பாவோடு ஒரே ஆலையில் ஷிப்ட் பார்த்தவர். பெங்களூரு ஆஸ்டின் டவுனில் இரண்டு தலைமுறையாக இருக்கும் குடும்பம். ஓய்வு பெற்றபோது வந்த பணத்தில் 2022-இல் பெங்களூரு தெற்கு தாலுகாவில், கனகபுரா சாலையிலிருந்து உள்ளே போகும் ஒரு கிராமத்தில் 20 குண்டே நிலம் வாங்கினார். 20 குண்டே என்றால் அரை ஏக்கர், 21,780 சதுர அடி. 2020-இல் கர்நாடக நிலச் சீர்திருத்தச் சட்டத்தின் 79ஏ, 79பி பிரிவுகளை எடுத்துவிட்டார்கள். அதற்கு முன்னால் விவசாயி அல்லாத இவர் பெயரில் அந்த நிலம் பதிவாகியிருக்காது. நகரத்துத் தமிழ்க் குடும்பங்கள் பல அந்தக் கதவு திறந்த பிறகு இப்படி நிலம் வாங்கியிருக்கின்றன. அவர்களில் பாதிப் பேராவது மாமா கேட்ட அதே கேள்வியை என்னிடம் கேட்டிருக்கிறார்கள். அதனால்தான் இதை விவரமாக எழுதுகிறேன். மாமா, அவர் மகன் இருவருடைய சம்மதத்தோடும் எழுதுகிறேன்.

அந்தக் கேள்விக்கு இன்னொரு காரணமும் சேர்ந்துகொண்டது. 2024 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், குடியேறும் சான்றிதழ், அதாவது ஓ.சி., இருந்தால்தான் மின்சாரம், தண்ணீர் இணைப்பு தர வேண்டும் என்று தீர்ப்புச் சொன்னது. 2025-இல் பெங்களூரு மின் விநியோக நிறுவனமான பெஸ்காம் ஓ.சி. இல்லாத கட்டடங்களுக்குப் புது இணைப்பு தருவதை நிறுத்தியது. சிறு வீடுகளுக்கு அப்புறம் விலக்கு வந்தது. ஆனால் இடைப்பட்ட மாதங்களில் "சோலார் போட்டுக்கோ, ஓ.சி. கேக்க ஆளே இல்ல" என்ற பேச்சு ஊரெல்லாம் பரவிவிட்டது. இணைப்புக்குச் சான்றிதழ் வேண்டும் என்பதை, இணைப்பு வேண்டாமென்றால் அனுமதியும் வேண்டாம் என்று தலைகீழாகப் புரிந்துகொண்டார்கள்.

அறையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். 10-க்கு 16 அடி, இரும்புச் சட்டம், தகடுகளுக்கு நடுவே நுரை அடைத்த பஃப் பேனல் சுவர், மேலே ஷீட். ஷீட் சுற்றிலும் ஒரு அடி வெளியே நீட்டியிருந்தது. ஒன்றரை அடி உயரத்தில் ஆறு கான்கிரீட் பீடங்கள், ஒவ்வொன்றிலும் நான்கு போல்ட். மேலே 540 வாட் பேனல் இரண்டு, உள்ளே ஒரு லித்தியம் பேட்டரி, இன்வெர்ட்டர். வெளியே 1,000 லிட்டர் தொட்டி இரண்டு, பின்னால் ஒரு கழிப்பறை, அதற்கு உறிஞ்சுகுழி. பெஸ்காம் கம்பி எந்தப் பக்கமும் இல்லை. நிலத்தின் தாழ்ந்த முனையில், பெரிய புங்கை மரத்தடியில் வைத்திருந்தார். ஏப்ரல் மத்தியானத்தில்கூட அங்கே காற்று வரும் என்றார். அது உண்மைதான், நானே உட்கார்ந்து பார்த்தேன்.

மாமாவின் வாதம் மூன்று. சின்ன அறை, செங்கல் கட்டடம் இல்லை, கரண்ட் இல்லை. மூன்றுமே எடுபடவில்லை.

கர்நாடக மாநகராட்சிகள் சட்டம், 1976, கட்டடம் என்பதற்குத் தரும் விளக்கத்தில் ஷெட்டும் குடிசையும் பெயர் சொல்லியே வருகின்றன. செங்கல், மரம், மண், உலோகம், எதில் கட்டினாலும் அது கட்டடம்தான். கிராமத்துக்கு 1993-ஆம் ஆண்டுப் பஞ்சாயத்து ராஜ் சட்டம். அதன் 64-ஆம் பிரிவு, கிராமப் பஞ்சாயத்தின் எழுத்துப்பூர்வ அனுமதி இல்லாமல் எந்தக் கட்டடமும் எழுப்பக் கூடாது என்கிறது. மின்சாரம் பற்றி அங்கே ஒரு வார்த்தை கிடையாது. அனுமதி தேவைப்படாத வேலைகள் என்று விதிகளில் வருபவை வெள்ளையடிப்பது, பூச்சு வேலை, ஓடு மாற்றுவது போன்றவை. தரையில் போல்ட் போட்டு நிறுத்திய அறை அந்த வரிசையில் வராது.

சரி, அப்படியென்றால் வேளாண் நிலத்தில் ஒன்றுமே வைக்க முடியாதா என்றால், முடியும். மாமா பக்கம் ஒரு நல்ல விஷயம் இருந்தது, அது அவருக்கே தெரியாது. கர்நாடக நில வருவாய்ச் சட்டம், 1964, பிரிவு 95, வேளாண் நிலம் வைத்திருப்பவர் அதில் பண்ணைக் கட்டடம் கட்டிக்கொள்ளும் உரிமையைத் தருகிறது. நிலத்தை வேறு பயன்பாட்டுக்கு மாற்ற வேண்டாம், அதற்கு மாவட்ட ஆட்சியர் தரும் டி.சி. கன்வெர்ஷன் உத்தரவு வேண்டாம். கருவிகள், உரம், தீவனம், விளைச்சல் வைக்கும் அறை, மாட்டுக்கொட்டகை, பயிரிடுபவர் குடும்பம் தங்கும் இடம், இவையெல்லாம் பண்ணைக் கட்டடம். சொந்தப் பயன்பாட்டுக்கு இருக்க வேண்டும், நிலத்தில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் போகக் கூடாது. 20 குண்டேயில் பத்தில் ஒரு பங்கு 2 குண்டே, அதாவது 2,178 சதுர அடி. மாமாவின் அறை 160. அளவு ஒரு பிரச்சினையே இல்லை.

ஆனால் அந்த உரிமை பயிரிடுபவருக்கு. பஹணியை எடுத்துப் பார்த்தோம். நிலத்தின் சர்வே எண், உரிமையாளர், பயிர் எல்லாம் இருக்கும் அந்தத் தாளில், பயிர்ப் பத்தி இரண்டு வருடமாகக் காலி. மாமா தென்னங்கன்று ஏழு வைத்திருந்தார், ஒரு கறிவேப்பிலைச் செடி. மற்றது புல்.

நோட்டீஸ் வருவதற்கு நேரடிக் காரணம் அதுவும் இல்லை, ஒரு பலகை. மாமாவின் மகன், சும்மா கிடக்கிற அறைதானே என்று சனி ஞாயிறுகளில் வாடகைக்கு விட நினைத்தான். ஒரு செயலியில் படம் போட்டான், மண் பாதை பிரியும் இடத்தில் அம்புக்குறியோடு பலகை நட்டான். இரண்டு குடும்பங்கள் வந்து தங்கிவிட்டும் போனார்கள். மூன்றாவது வாரம் நோட்டீஸ் வந்துவிட்டது.

பஞ்சாயத்து வளர்ச்சி அதிகாரி இடம் பார்க்க வந்த அன்று நானும் போயிருந்தேன். கதவைத் திறந்து உள்ளே எட்டிப் பார்த்தார். இரட்டைக் கட்டில், அதன்மேல் அடுக்கிய இரண்டு மெத்தை, ஆளுயரக் கண்ணாடி, சுவரில் லேமினேட் செய்த ஒரு தாள்: செக்-இன் பகல் 12 மணி, செக்-அவுட் காலை 10 மணி. மாமாவைத் திரும்பிப் பார்த்து, "இது ஷெட்டா, மனேனா?" என்று கேட்டார். மனே என்றால் கன்னடத்தில் வீடு. மாமா, "ஷெட்தாம்மா" என்றார். "சரி, மண்வெட்டி எங்கே?" என்றார் அவர். மண்வெட்டி பக்கத்து நிலத்துக்காரர் வீட்டில் இருந்தது. அறையில் இடம் இல்லை என்று மாமாவே அங்கே கொண்டுபோய்க் கொடுத்திருந்தார்.

அந்த அதிகாரி குரலை உயர்த்தவில்லை, காசும் கேட்கவில்லை. அவர் கேட்ட அந்த ஒரு கேள்விதான் இந்த முழு விவகாரமும். அதே நான்கு சுவருக்குள் மண்வெட்டியும் உர மூட்டையும் இருந்தால் பண்ணைக் கட்டடம். காசு கொடுத்து ஆள் தங்கினால் அது வேளாண் பயன்பாடு இல்லை, நில மாற்றம் வேண்டும், இல்லாவிட்டால் 96-ஆம் பிரிவின் கீழ் நடவடிக்கை வரலாம். கம்பி இருக்கிறதா இல்லையா என்பதை அன்று யாரும் கேட்கவே இல்லை.

பலகையை அன்றைக்கே பிடுங்கினோம். செயலியிலிருந்தும் எடுத்தாயிற்று. அத்தோடு முடிந்தது என்றுதான் நான்கூட நினைத்தேன்.

இடத்திலேயே நின்றபடி திஷாங்க் செயலியைத் திறந்தேன். கர்நாடக அரசின் செயலி அது, நாம் நிற்கும் இடத்தின் சர்வே எண்ணைக் காட்டும். எல்லை சரியாக இருக்கிறதா என்று பார்க்கத்தான் திறந்தேன். நிலத்தின் தாழ்ந்த முனையை ஒட்டி ஒரு நீலக் கோடு போனது. மாமா அதை வாய்க்கால் என்றே நினைத்ததில்லை. எனக்கும் கண்ணுக்கு ஒரு பள்ளம்தான் தெரிந்தது, உண்ணிப்பூப் புதர் மண்டி, நடுவில் ஒரு பழைய டயர். ஆனால் கிராம வரைபடத்தில் அது இருக்கிறது. கீழே உள்ள ஏரிக்குத் தண்ணீர் கொண்டுபோகும் மூன்றாம் நிலைக் கால்வாய்.

இந்த இடைவெளி விஷயத்தில் ஊரில் நிறையக் குழப்பம் உண்டு. 2016 மே மாதம் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் ஏரிக்கு 75 மீட்டர், ராஜகால்வாய்கள் எனப்படும் மழைநீர்க் கால்வாய்களுக்கு நிலைவாரியாக 50, 35, 25 மீட்டர் என்று வைத்தது. 2019 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. அதன்பின் பெங்களூரு வளர்ச்சி ஆணையத்தின் (பி.டி.ஏ.) 2015 பெருந்திட்டக் கணக்குக்கே திரும்பினோம்: ஏரிக்கு 30 மீட்டர், முதல், இரண்டாம், மூன்றாம் நிலைக் கால்வாய்களுக்கு நடுக்கோட்டிலிருந்து 50, 25, 15 மீட்டர். இன்றைக்கும் 75 என்று சொல்லி விலை குறைப்பவர்களும் உண்டு, ஒன்றுமே கிடையாது என்று சொல்லி விற்பவர்களும் உண்டு.

டேப்பைப் பிடித்தோம். நடுக்கோட்டிலிருந்து அறையின் கீழ்ச் சுவர் வரை 30 அடி. 15 மீட்டர் என்றால் ஏறத்தாழ 50 அடி. மாமா டேப்பின் மறுமுனையை விடாமல் பிடித்துக்கொண்டே நின்றார். "புங்கை மரத்த மட்டும் வெட்டச் சொல்ல மாட்டாங்களே?" என்றார். அதை யாரும் சொல்லப்போவதில்லை என்றேன்.

பலகையால் வந்த பிரச்சினையைப் பலகையை எடுத்துத் தீர்க்கலாம். கால்வாய் ஓரத்தில் இருக்கும் கட்டடத்துக்கு எந்தத் தாளும் உதவாது. "கொஞ்ச நாள் பொறுத்தா அக்ரம சக்ரமல ரெகுலரைஸ் ஆகிடும்" என்று மாமாவுக்கு யாரோ சொல்லியிருந்தார்கள். அனுமதியில்லாக் கட்டடங்களை அபராதம் வாங்கிக்கொண்டு முறைப்படுத்தும் அந்தத் திட்டத்துக்கு உச்ச நீதிமன்றம் 2017 ஜனவரியில் தடை விதித்தது. அதை நம்பிக் காத்திருந்து சேமிப்பை அடுக்கடுக்காகக் கட்டடத்தில் போட்ட குடும்பங்களை நான் பார்த்திருக்கிறேன். மாமாவை அந்த வழியில் போக விடக் கூடாது என்பதில் உறுதியாக இருந்தேன்.

எழுத்தில் விளக்கம் கொடுத்தோம். வாடகைக்கு விட்டது தவறு, நிறுத்திவிட்டோம். அறையை இந்த இடத்திலிருந்து எடுத்துவிடுகிறோம். பண்ணைக் கருவி அறையாக வேறு இடத்தில் வைக்க அனுமதி கேட்டு முறையாக விண்ணப்பிக்கிறோம். இவ்வளவுதான். மாமாவின் மகன் வக்கீலை வைத்துப் பதில் அனுப்பலாம் என்றான். வேண்டாம் என்று நான்தான் தடுத்தேன். உள்ளதை உள்ளபடி எழுதிய அந்த ஒரு பக்கத்தால் எங்களுக்குக் கால அவகாசம் கிடைத்தது.

நின்றுகொண்டிருக்கும் அறைக்குப் பின்தேதியிட்டு அனுமதி கேட்பதில்லை என்று முதலிலேயே முடிவு செய்திருந்தோம். எடுப்பது, அனுமதி வாங்குவது, பிறகு வைப்பது. செங்கல் கட்டடமாக இருந்திருந்தால் இடிப்பதைத் தவிர வழி இல்லை. மாமா போல்ட் போட்டது இங்கேதான் கைகொடுத்தது.

ஒரு செவ்வாய்க்கிழமை ஹைட்ரா கிரேன் வந்தது. அதற்கு முந்தைய நாளே பேனல், பேட்டரி எல்லாம் கழற்றியாயிற்று. 24 போல்ட்டில் 19 சுலபமாக வந்தன. கால்வாய்ப் பக்கம் இருந்த ஐந்து துருப்பிடித்து இறுகியிருந்தன. இரண்டு வருடத்தில் அந்தப் பக்கம் மட்டும் அப்படித் துருப்பிடிக்கும் அளவுக்கு ஈரம். ஃபேப்ரிகேட்டர் பையன் மண்ணெண்ணெய் ஊற்றிப் பார்த்தான், பிறகு கிரைண்டரால் அறுத்தான். பெல்ட் மாட்டி மெதுவாகத் தூக்கியபோது அறை ஒரு பக்கம் லேசாகச் சாய்ந்தது. உள்ளே ஏதோ உருண்டு சுவரில் மோதியது. எடுக்க மறந்துவிட்ட எவர்சில்வர் குடம். மாமி அதற்குப் பிறகு அந்தப் பக்கம் பார்க்கவே இல்லை, அறை லாரியில் ஏறி முடியும்வரை தென்னங்கன்றுகளுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார்.

அறை 11 வாரம் பட்டறையில் கிடந்தது. அந்த 11 வாரத்தில் நடந்த தாள் வேலையை நீட்டி எழுதத் தேவையில்லை. பஹணி, விற்பனைப் பத்திரம், சர்வே வரைபடம், அளவோடு ஒரு இட வரைபடம், சொந்த விவசாயப் பயன்பாட்டுக்கே என்று ஒரு உறுதிமொழி. வீடு என்று கேட்கவில்லை. அந்த நிலம் நகரத்தைச் சுற்றி வேளாண்மைக்கென்று ஒதுக்கிய பசுமை வளையத்தில் இருக்கிறது, அங்கே வீடு என்ற சொல்லை எழுதினால் திட்டக் குழுமத்தின் நிபந்தனைகள் வேறு தினுசு. கருவி அறை என்றே கேட்டோம், கருவி அறையாகவே வைத்திருக்கவும் போகிறோம். வருவாய்ச் சட்டம் உரிமை தருகிறது என்பதற்காகப் பஞ்சாயத்துச் சட்டம் வழிவிட வேண்டியதில்லை, பஞ்சாயத்து வழிவிட்டாலும் திட்டக் குழுமத்தின் மண்டல விதி தனி. இந்த மூன்றையும் ஒன்று என்று நினைத்துத்தான் பலரும் மாட்டிக்கொள்கிறார்கள். பன்னேர்கட்டா காட்டின் சுற்றுச்சூழல் மண்டலத்தில் அந்தக் கிராமம் வருகிறதா என்றும் பார்த்தோம். 2020 மார்ச்சில் வந்த இறுதி அறிவிக்கையில் அது 168.84 சதுர கிலோமீட்டர், காட்டின் எல்லையிலிருந்து இடத்துக்கு இடம் 100 மீட்டர் முதல் 1 கிலோமீட்டர் வரை. எங்கள் கிராமம் அதில் இல்லை.

கழிப்பறையில் ஒரு தப்பு கிடைத்தது, அதை யாரும் நோட்டீஸில் கேட்கவில்லை. உறிஞ்சுகுழிக்கும் குடிநீர் எடுக்கும் கிணற்றுக்கும் நடுவே குறைந்தது 18 மீட்டர் இருக்க வேண்டும் என்கிறது இந்தியத் தர நிர்ணயம். பக்கத்து நிலத்துக்காரரின் போர்வெல் வேலிக்கு அந்தப் பக்கம் 12 மீட்டரில் இருந்தது. அவர் வீட்டுக் குழந்தைகள் குடிக்கும் தண்ணீர் அது, மாமாவின் மண்வெட்டியைப் பத்திரமாக வைத்திருந்ததும் அவர்தான். நோட்டீஸைவிட இதைக் கேட்டபோதுதான் மாமாவின் முகம் வாடியது. குழியை மூடி, நிலத்தின் மறுபக்கம் 26 மீட்டர் தள்ளிப் புதிதாக எடுத்தோம்.

சோலாருக்கு வருவோம். தனித்து நிற்கும் இந்த மாதிரி அமைப்புக்குப் பெஸ்காமிடம் போக வேண்டியதில்லை. இதில் மாமா நினைத்தது சரிதான். ஆனால் பிரதமர் சூர்ய கர் திட்டத்தில் 78,000 ரூபாய் வரை கிடைக்கும் மானியம் பொது மின்கட்டமைப்போடு இணைத்த கூரை அமைப்புக்கு மட்டுமே. விற்றவர் மானியம் வரும் என்று சொல்லியிருந்தார், வராது. பேனலை ஷீட்டில் வெறும் திருகால் பிடித்திருந்ததையும் மாற்றினோம். பெங்களூருக்குக் கணக்கில் எடுக்கும் அடிப்படைக் காற்று வேகம் நொடிக்கு 33 மீட்டர், மணிக்கு 119 கிலோமீட்டர் அளவு. இலேசான அறைக்குக் காற்று மேலிருந்து அழுத்துவதைவிடக் கீழிருந்து தூக்குவதுதான் ஆபத்து. இப்போது பேனல் தாங்கி, கூரைச் சட்டத்தோடு நேராகப் போல்ட் போட்டு நிற்கிறது. தொட்டிகளை மட்டும் மாற்றவில்லை. ஷீட்டின் பரப்பு 20 சதுர மீட்டர், பெங்களூரின் ஆண்டு மழை சராசரியாக 970 மில்லிமீட்டர், வழியில் போவது போக 15,000 லிட்டருக்குக் குறையாமல் கிடைக்கும். கன்றுகளுக்கும் கை கழுவவும் அது போதும்.

இந்த வேலையில் இருப்பவளாக ஒன்றைச் சொல்லத் தோன்றுகிறது. 160 சதுர அடி கருவி அறைக்கு மாமா சமர்ப்பித்த தாள்களும், ஒரு மாடி வீட்டுக்குச் சமர்ப்பிக்கும் தாள்களும் பெரிதாக வேறுபடவில்லை. அது நியாயமாகப் படவில்லை. கால்வாய் இடைவெளி, போர்வெல் தூரம், பயன்பாடு, இந்த மூன்றையும் ஒரே தாளில் சரிபார்த்து, சிறு பண்ணை அறைகளைப் பஞ்சாயத்திலேயே பதிவு செய்துகொள்ள வழி இருந்தால் பலர் ஒளித்துக் கட்டமாட்டார்கள். அதிகாரிகளும் பலகை தெரிந்த பிறகு வர வேண்டியிருக்காது. எல்லை வேறு நகர்ந்துகொண்டே இருக்கிறது. 2007-இல் 110 கிராமங்கள் மாநகராட்சிக்குள் வந்தன. 2025 செப்டம்பரில் அந்த மாநகராட்சியே ஐந்தாகப் பிரிந்து கிரேட்டர் பெங்களூரு ஆணையத்தின் கீழ் போனது. இன்றைக்குப் பஞ்சாயத்தில் வாங்கிய அனுமதித் தாளை, நாளைக்கு யார் வந்து கேட்டாலும் காட்ட வேண்டியிருக்கும். மாமாவிடம் மூன்று நகல் எடுக்கச் சொன்னேன், ஒன்றை மகனிடம் கொடுக்கச் சொன்னேன்.

அனுமதி வந்த மறுவாரம் அறை திரும்பி வந்தது. கால்வாய் நடுக்கோட்டிலிருந்து 70 அடி, மேட்டில். நிழல் இல்லை, மத்தியானம் ஷீட் சூடாகிறது. மேற்குப் பக்கம் பந்தல் போட்டு அவரைக்கொடி ஏற்றியிருக்கிறார் மாமி. கட்டில் ஆஸ்டின் டவுனுக்குத் திரும்பிவிட்டது. உள்ளே இப்போது மண்வெட்டி, இரண்டு கடப்பாரை, தெளிப்பான், வேப்பம்புண்ணாக்கு மூட்டை, வந்தால் உட்கார ஒரு பாய். மேல் பாதியில் ராகி போட்டிருக்கிறார்கள். பஹணியின் பயிர்ப் பத்தியில் ராகி என்று ஏறியிருப்பதை மாமா போனில் படம் எடுத்து எனக்கு அனுப்பினார், கீழே ஒன்றும் எழுதவில்லை.

புங்கை மரத்தடியில் பழைய பீடங்களில் இரண்டை உடைத்தாயிற்று, நான்கு இன்னும் நிற்கின்றன. அவற்றையும் அகற்ற வேண்டும் என்பது அனுமதியில் உள்ள நிபந்தனை. உடைக்கும் இயந்திரம் உள்ளே வர ராகிக்கு நடுவேதான் வழி இருப்பதால், அறுவடை வரை பொறுக்கச் சொல்லிப் பஞ்சாயத்துக்குக் கடிதம் கொடுத்திருக்கிறோம். அதுவரை சாயங்காலங்களில் மாமா அதில் ஒன்றின்மேல்தான் உட்கார்ந்திருக்கிறார்.